கைராசியும் கைபேசியும்

"ஊறுகாயும் குழந்தை வளர்ப்பும் வருகிற பக்கத்தில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள்!" என்று முகம் சுளித்துவிடாதீர்கள், சகோதரிகளே. சீட்டுக்கட்டு கிளப்பை விட்டுக் கிளம்பி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கைபேசிக்குள் புகுந்து, நம் வீட்டுக் கட்டில் தலைமாடு வரைக்கும் அது வந்து சேர்ந்தாயிற்று. வீட்டுக்குள் வந்துவிட்ட எதைப் பற்றியும் பேச இல்லத்தரசிக்கு உரிமை உண்டு, இல்லையா?

நான் சொல்ல வந்தது சீட்டைப் பற்றிக்கூட அல்ல. 'கைராசி' என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

எங்கள் தெருவில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். குழந்தைகளுக்கு அவர் ஊசி போட்டால் அழுகைச் சத்தமே கேட்காது. "கைராசிக்காரம்மா" என்று எல்லோரும் சொல்வோம். என் மாமியார் போடும் நார்த்தங்காய் ஊறுகாய் ஒன்றரை வருஷம் ஆனாலும் பூஞ்சைக் காளான் பிடிக்காது. அதுவும் கைராசிதான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். ஈரம் இல்லாத கை, துடைத்து வெயிலில் வைத்த ஜாடி, கண் அளவே தராசாகிப்போன உப்பு. நாற்பது வருஷப் பழக்கத்துக்கு நாம் வைத்த செல்லப் பெயர் ராசி.

இன்னொரு கைராசியும் உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க எங்கள் வீட்டில் பரமபதம் ஆடுவோம். ஒரு வருஷம் மாமியாருக்கு மூன்று தரம் தொடர்ந்து தாயம் விழுந்தது. "இன்னிக்கு என் கை பேசுது பாருங்கடி!" என்று அவருக்கு ஒரே பெருமை. அடுத்த ஆட்டத்தில் நீளப் பாம்பு வாயில் போய் விழுந்தார், எல்லோரும் சிரித்தோம். ஊறுகாய்க்கு உதவிய கை தாயக்கட்டைக்கு உதவாது. கட்டைக்கு யார் உருட்டினார்கள் என்று தெரியாது. போன தடவை என்ன விழுந்தது என்றும் ஞாபகம் இருக்காது.

பரமபதத்தில் பாம்பு கடித்தால் சிரிப்போடு போயிற்று. பணம் கட்டி ஆடும்போது என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் 2024-ம் வருஷம் தெரிந்துகொண்டது.

சட்டைப் பையில் ஒரு சீட்டு

என் கணவரின் தம்பி தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. இரண்டு குழந்தைகள். தாமும் உண்டு, தம் வேலையும் உண்டு என்று இருப்பவர். அந்த வருஷம் சித்திரை பிறந்த சமயம், என் ஓரகத்தி துணி துவைக்க எடுத்தபோது அவர் சட்டைப் பையில் ஓர் அடகுக் கடை ரசீது கிடைத்திருக்கிறது. நேரே என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, செயின் எங்கேன்னு கேட்டா, பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்னார். நானும் நம்பிட்டேன். இதைப் பாருங்க. நாலு பவுன். எங்கம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்துப் போட்டது அக்கா..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. ஏழு மாதமாகக் கைபேசியில் பணம் கட்டி ரம்மி. என் கணவர் கத்தித் தீர்த்தார். கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, நீங்க நினைக்கற மாதிரி இல்ல. போன வியாழக்கிழமை தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயிச்சேன். திரையிலயே காட்டுச்சு. அந்த ஓட்டம் இன்னொரு தரம் வந்தா ஒரே ராத்திரியில செயினை மீட்டுடுவேன். இது சூதாட்டமும் இல்ல. ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் ஒரு வழக்கில் சொன்னது உண்மைதான். ஏழு ஆட்டம் ஜெயித்ததும் உண்மைதான். என்னை உறுத்தியது அந்த 'ஓட்டம்' என்ற வார்த்தை. நான்கு பவுனைத் தொலைத்தவர், அதைத் திருடிக்கொண்டு போன ஆளையே மறுபடி காவலுக்குக் கூப்பிடுகிறாரே என்று இருந்தது.

"தம்பி, திறமைன்னா நேத்தைக்கும் இன்னிக்கும் ஒண்ணாத்தானே இருக்கும்? வியாழக்கிழமை இருந்த திறமை வெள்ளிக்கிழமை எங்க போச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை.

மறுநாள் பாங்க் கணக்கு விவரத்தை எடுத்துவரச் சொன்னேன். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு, நானும் ஓரகத்தியும் அவரும் உட்கார்ந்தோம். இடது பக்கம் ஆட்டத்துக்குப் போனது, வலது பக்கம் திரும்பி வந்தது. பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். முடித்தபோது மணி ஒன்றரை. போனது 2,86,400 ரூபாய். வந்தது 1,12,000. மிச்சம் 1,74,400 ரூபாய் காற்றில்.

"இவ்வளவா?" என்றார் அவர். அந்தக் கேள்வி நிஜம். ஜெயித்த நாட்களின் தேதி, கிழமை, அன்று போட்டிருந்த சட்டை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மொத்தக் கணக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மணி போட்ட சக்கரம்

என் மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். தன் சித்தப்பாவிடம் அவள்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

ஐரோப்பாவில் மொனாக்கோ என்ற குட்டி தேசத்தில் மான்டே கார்லோ சூதாட்ட மாளிகை இருக்கிறது. அங்கே சுழலும் சக்கரத்தில் 37 குழிகள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று பூஜ்யம். உருளும் குண்டு எந்த நிறத்தில் விழும் என்று பணம் கட்டுவார்கள். 1913 ஆகஸ்ட் 18-ந் தேதி குண்டு தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. பத்து, பதினைந்து தடவை ஆனதும், "இத்தனை கறுப்பு வந்தாச்சே, இனி சிவப்புதான் வந்தாக வேணும்" என்று ஜனங்கள் சிவப்பின் மேல் பணத்தைக் கொட்டினார்கள். குண்டு 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. பெரிய பெரிய பணக்காரர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். மாளிகைக்காரருக்கு நல்ல லாபம்.

குண்டுக்கு ஞாபகம் கிடையாது என்பதுதான் பாடம். இருபத்தாறாவது சுற்றிலும் சிவப்புக்கு 37-ல் 18 பங்கு வாய்ப்புத்தான். முதல் சுற்றிலும் அதேதான்.

இதற்கு ஏன் ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்? "மூணும் பொண்ணாப் போச்சு, அடுத்தது கட்டாயம் பையன்தான்" என்று நம் வீடுகளில் சொல்லி, உடம்பு தாங்காத மருமகளை நாலாவது பிரசவத்துக்கு அனுப்பிய கதை எத்தனை! ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகக் காசு சுண்டுகிற மாதிரி. பூவா, தலையா என்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. முன்னே பிறந்த குழந்தைகளைக் கேட்டுக்கொண்டு அது விழுவதில்லை. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ், 1814-லேயே இந்த நினைப்பைப் பற்றி எழுதியிருக்கிறாராம். ஆண் குழந்தைக்கு ஏங்கும் தகப்பன்மார், ஊரில் அந்த மாதம் பையன்கள் நிறையப் பிறந்ததாகக் கேள்விப்பட்டால், நம் வீட்டுக்குப் பெண் வந்துவிடுமோ என்று கலங்குவார்களாம். இருநூறு வருஷம் ஆகியும் நாம் அங்கேயே நிற்கிறோம்!

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ஜெயித்துக்கொண்டே இருந்தால் "ஓட்டம் வந்தாச்சு, விடாதே" என்கிறது மனசு. தோற்றுக்கொண்டே இருந்தால் "இவ்வளவு தோத்தாச்சு, அடுத்தது நமக்குத்தான், விடாதே" என்கிறது அதே மனசு. இரண்டு வழியும் ஒரே கடைக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன.

அப்படியானால் ஜெயிப்பது வரிசையாக வருவதே கிடையாதா என்று கொழுந்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. 2014-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஷூ, ஹார்வி என்ற இரண்டு பேர், இணையத்தில் 776 பேர் விளையாட்டுப் போட்டிகள் மேல் கட்டிய 5,65,915 பந்தயங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஜெயித்தவர்கள் மேலும் மேலும் ஜெயித்தது நிஜமாகவே தெரிந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜெயித்தவர்கள், "அதிருஷ்டம் இனித் திரும்பிவிடும்" என்று பயந்து, சுலபமாக ஜெயிக்கக்கூடிய, கொஞ்சமாகப் பணம் தரும் பந்தயமாகப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் மறுபடி ஜெயித்தார்கள். தோற்றவர்கள் விட்டதைப் பிடிக்க, எட்டாத பந்தயமாகப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் மறுபடி தோற்றார்கள். ஜெயிக்கும் தடவை கூடினாலும் கையில் லாபம் கூடவில்லை. ஓட்டம் என்பது அவர்கள் பண்ணிய முடிவில் இருந்ததே தவிர, ராசியில் இல்லை.

கைத்திறமை உள்ள இடத்தில் கொஞ்சம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடைப்பந்தில் வரிசையாகப் பந்தைப் போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்ற நம்பிக்கையை, கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற மூன்று பேர் 1985-ல் ஆராய்ந்து, அது வெறும் பிரமை என்றார்கள். 2018-ல் மில்லர், சான்ஹுர்ஹோ என்ற இரண்டு பேர், "உங்கள் கணக்குப் போடும் முறையிலேயே ஒரு பிசகு இருக்கிறது, அதைச் சரிசெய்து பார்த்தால் சிறிதளவு ஓட்டம் உண்டு" என்று எடுத்துக் காட்டினார்கள். கூடைப்பந்தில் எறிவது மனுஷனின் கை. நர்ஸம்மாவின் ஊசியும் என் மாமியாரின் ஊறுகாயும் அந்த ஜாதி. கலைத்துப் போட்ட சீட்டு என்ன வரப்போகிறது என்பது வேறு ஜாதி.

சரி, ரம்மியில் திறமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரே திறமையுள்ள இரண்டு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். இருநூறில் நூற்றுக்குப் பத்து என்று கம்பெனி தன் பங்கை எடுத்தால், ஜெயித்தவருக்குக் கிடைப்பது 180. அதாவது ஜெயித்தால் லாபம் எண்பது, தோற்றால் நஷ்டம் நூறு. ஆளுக்கு ஐம்பது ஆட்டம் ஜெயித்து, ஐம்பது ஆட்டம் தோற்றால், இருவருமே ஆளுக்கு ஆயிரம் ரூபாயைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பார்கள். தயிர் கடையக் கடைய வெண்ணெய் முழுவதும் மத்திலேயே ஒட்டிக்கொள்கிற மாதிரி!

எது மணி அடிக்கிறது?

இவ்வளவு சுலபமான கணக்கு, படித்த மனுஷனுக்கு ஏன் ஏழு மாதமாகத் தெரியவில்லை? அதற்கு என் அண்ணன் மகன் பதில் சொன்னான். சென்னையில், கைபேசிச் செயலிகளுக்குத் திரை அமைத்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், என்ன சத்தம் என்பதையெல்லாம் யோசித்து யோசித்து வைப்பார்களாம்.

"அத்தை, எது மணி அடிக்குது, எது சத்தமில்லாமப் போகுதுன்னு மட்டும் பாருங்க" என்றான் அவன்.

பார்த்தோம். ஜெயித்தால் திரையில் பொற்காசு கொட்டுகிறது, கைதட்டல் கேட்கிறது, 'தொடர் வெற்றி 4' என்று பக்கத்தில் தீ எரிகிற படம். தோற்றால் ஒரு சத்தமும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த ஆட்டம் தயார். இந்த வரிசையை எண்ணியது சீட்டு அல்ல, திரை. பத்து தோல்விக்கு நடுவே வந்த நாலு வெற்றியைத் தனியாக எடுத்து மாலை கட்டிப் போட்டால், யாருக்குத்தான் தான் ராசிக்காரன் என்று தோன்றாது?

1948-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் புறாக்களை வைத்து ஒரு சோதனை பண்ணினார். பசித்த புறாவைக் கூண்டில் விட்டு, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தீனி வரும்படி வைத்தார். தீனி வந்தபோது தற்செயலாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றினால்தான் தீனி வரும் என்பதுபோல் ஓயாமல் சுற்ற ஆரம்பித்ததாம். இதைக் கேட்டதும் என் ஓரகத்தி, "அக்கா, இவரும் அந்த நீல லுங்கியைக் கட்டிக்கிட்டு, ஜன்னல் பக்கத்து நாற்காலியிலதான் உக்காருவார்!" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தனாரும் சேர்ந்துதான் சிரித்தார்.

திரையை அமைப்பவர்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அரசாங்கங்களும் உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், இணையத்தில் ஓடும் காசு இயந்திர ஆட்டங்களுக்கு 2021 அக்டோபரிலிருந்து சில விதிகள் போட்டது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே குறைந்தது இரண்டரை வினாடி இருக்க வேண்டும். கட்டின பணமோ அதற்குக் குறைவோ திரும்பி வரும்போது, ஜெயித்துவிட்ட மாதிரி சத்தமோ படமோ கூடாது. எவ்வளவு நேரம் ஆடினோம், மொத்தம் எவ்வளவு போயிற்று அல்லது வந்தது என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும். எங்கள் நாற்பது பக்க நோட்டை அவர்கள் திரைக்குள்ளேயே வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்!

நம் ஊரில், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த விதிகள், நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து மணி வரை பணம் கட்டும் ஆட்டத்துக்குள் நுழையக் கூடாது என்றன. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகள் அந்த ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன.

"அப்புறம் என்ன, பிரச்னை தீர்ந்ததே?" என்பீர்கள். கடையை மூடலாம், மனசில் இருக்கும் ராசி நம்பிக்கையை எந்தச் சட்டத்தால் மூட முடியும்? அது வேறு கதவைத் தட்டுகிறது. பங்குச் சந்தையில் 'எஃப் அண்ட் ஓ' என்ற அவசர வியாபாரத்தைக் கைபேசியிலேயே செய்கிறார்களே, அதைப் பற்றி செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டு முதல் மூன்று நிதி ஆண்டுகளில், அதில் இறங்கிய தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். சராசரியாகத் தலைக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய்! அங்கேயும் "நாலு நாளா நான் தொட்டதெல்லாம் பொன்னாகுது" என்றுதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ராபின்ஹூட் என்ற பங்கு வர்த்தகச் செயலி, முதன்முதல் பங்கு வாங்குவது போன்ற சமயங்களில் திரை முழுக்க வண்ணக் காகிதத்தைத் தூவிக் கொண்டாடும். கண்டனம் எழுந்ததால் 2021 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். பணம் போகும் இடத்தில் எதற்குக் கல்யாண வீட்டு அலங்காரம்?

எண்ண வேண்டிய வரிசை

வரிசையை எண்ணுவதே கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் மகள் டுவோலிங்கோ என்ற செயலியில் வேற்று மொழி படிக்கிறாள். எத்தனை நாள் விடாமல் படித்தாள் என்று அது எண்ணிக் காட்டுகிறது. எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாதே என்பதற்காகவே தூக்கக் கலக்கத்திலும் ஒரு பாடம் படிக்கிறாள். என் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரைக்கு, சமையலறை நாள்காட்டியில் தினமும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறோம். கோடு விட்டுப்போனால் அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அந்த வரிசை நம் கையில் இருக்கிறது. நாளைக்கும் கோடு விழுமா என்பதை நாம் தீர்மானிக்கிறோம். நாம் செய்வதை எண்ணினால் பழக்கம் வளரும். நமக்கு விழுவதை எண்ணினால் பிரமை வளரும். இந்த ஒரு வித்தியாசம் குழந்தைகளுக்குச் சின்ன வயசிலேயே புரிந்துவிட்டால் போதும்.

புரியவைக்க ஒரு விளையாட்டு சொல்கிறேன். ஒரு ரூபாய் நாணயத்தை நூறு தடவை சுண்டச் சொல்லி, பூவா தலையா என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து தடவையாவது விழுந்திருப்பதை அநேகமாக எல்லா நோட்டிலும் பார்க்கலாம். "இது யார் ராசி?" என்று கேளுங்கள். குழந்தையே சிரித்துக்கொண்டு பதில் சொல்லும். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் நம் கிரிக்கெட் அணி ஆடிய ஐந்து ஆட்டத்திலும் டாஸில் தோற்றது. கோப்பை மட்டும் நம் கையில்தான்! டாஸ் அதிருஷ்டம், ஆட்டம் உழைப்பு.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கொழுந்தனாரைத் திட்டுவதை முதலில் நிறுத்தினோம். இந்தச் சூதாட்டப் பழக்கத்தை, உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜுரம் வந்தவரை யாராவது திட்டுவார்களா? அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஆறு மாதம் போய் வந்தார். சம்பளம் ஓரகத்தியின் பெயரும் சேர்ந்த கணக்குக்கு வரும்படி மாற்றினோம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வீட்டில் எல்லோருடைய கைபேசியும், என் கணவருடையது உட்பட, கூடத்து அலமாரியில்தான். ஒருவருக்கு மட்டும் சட்டம் போட்டால் அது தண்டனை. எல்லோருக்கும் போட்டால் வீட்டு வழக்கம்.

நடுவில் ஒரு தரம், ஒரு நண்பரின் கைபேசியில் மூவாயிரம் ரூபாய் விளையாடிவிட்டார். அன்று ராத்திரி அவரே வந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, இடது பக்கத்தில் 3,000 என்று எழுதினார். ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் சாதம் போட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது. பதினாலு மாதம் கழித்துச் செயினை மீட்டார்கள். வட்டியோடு சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. அதைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட ஓரகத்தி சம்மதிக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ராத்திரியில் போர்வைக்குள் வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தால், நகை இருக்கும் இடம் மாறியிருந்தால், "நாளைக்கு எல்லாம் சரியாயிடும்" என்று அடிக்கடி சொன்னால், அசட்டையாக இருந்துவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று பொத்திவைத்தால் கடன் குட்டி போடும்.

இன்னொன்று. "இன்னிக்கு ஜெயிச்சீங்களா?" என்று மட்டும் விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். அது திரை கேட்கிற கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து, கோபம் இல்லாமல், "மொத்தம் எவ்வளவு போச்சு? வாங்க, எழுதிப் பாக்கலாம்" என்று கேளுங்கள். கணக்கு நோட்டும் பென்சிலும் நம் கையில் எப்போதும் இருப்பவைதானே!